ஈரப் பஞ்சு

தண்ணிவண்டிக்காரனின் அம்மா மெத்தைக் கடைக்கு முதல் தடவை வந்தது, விடாமல் பெய்த தூறல் சற்றே ஓய்ந்திருந்த ஒரு காலையில். கடைக்காரர் முன்னறையில் உட்கார்ந்து பழைய மெத்தை ஒன்றைப் பிரித்து, இறுகிப்போன பஞ்சைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே தையல் மெஷினுக்குப் பக்கத்தில் அவர் மனைவி தலையணை உறைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் வெளிச்சம் மறைந்ததும் இருவரும் நிமிர்ந்தார்கள். வந்தது யாரென்று தெரிந்ததும் அவர் மட்டும் மறுபடி குனிந்துகொண்டார்.

"தம்பி, ஒரு மெத்தை வேணும்," என்றாள் அந்த அம்மா. செருப்பை வெளியே விட்டுவிட்டு, உள்ளே வராமல் நிலையைப் பிடித்தபடி நின்றாள். "ஒத்தை ஆள் படுக்கிறது. பையனுக்கு. முதுகெல்லாம் புண்ணாயிருச்சு. பலகை குத்துதுன்னு அழறான். மெத்து மெத்துன்னு போடணும்னு டாக்டரம்மா சொல்லிட்டுப் போனாங்க."

"மழையா இருக்கேம்மா," என்றார் அவர், பஞ்சைப் பார்த்துக்கொண்டே. "பஞ்சு ஈரம் வாங்கியிருக்கு. ஈரப் பஞ்சுல தைச்சா கட்டி தட்டிப் போயிரும். கல்லு மேல படுத்த மாதிரி ஆயிரும்."

"அப்ப எப்ப வரட்டும்?"

"வெயில் வரட்டும். அடுத்த வாரம் பாருங்க."

அவள் தலையாட்டினாள். போகும்போது உள்ளே எட்டி, தையல் மெஷின் பக்கம் பார்த்து, "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டாள். மனைவி எழுந்து நின்று, "இருக்கேம்மா," என்றாள்.

பரணில், மழைக்கு முன்பே நன்றாகக் காய்ந்து கட்டிவைத்த பஞ்சுச் சாக்குகள் இருந்தன. அவருக்கும் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும்.

அந்தக் கடையின் பின்பக்கம் ஒரு நீளமான கூடம். தைத்து முடித்த மெத்தைகளை அடுக்கிவைக்கிற இடம். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் மெத்தைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய் விரிப்பார்கள். சபை கூடும். குழந்தைகளுக்கு மெத்தை அடுக்கின் மேல்தான் இடம். ஜெபம் நீண்டால் அங்கேயே தூங்கிப்போகும். போதகர் வேறு யாருமில்லை, கடைக்காரர் மனைவியின் அண்ணன்தான். வாரம் முழுக்க ஸ்டவ் ரிப்பேர் பார்க்கிறவர். அவரைப் போதகர் என்று யாரும் நியமிக்கவில்லை. ஆறுதல் தேடி வந்தவர்கள் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள், நிலைத்துவிட்டது. எவ்வளவு சோப்புப் போட்டுக் குளித்தாலும் ஞாயிற்றுக்கிழமையும் அவரிடம் மண்ணெண்ணெய் வாசனை அடிக்கும். பாட்டு சுத்தமாக வராது.

முதலில் கூரைமேல் கல் விழுந்தது. பிறகு ஊர் ஆட்கள் சிலர் டீக்கடையில் வைத்துச் சொல்லி அனுப்பினார்கள், பாட்டுச் சத்தம் தெருவுக்குக் கேட்கக் கூடாது என்று. அண்ணன் சபையில் வந்து சொன்னார்: "மெதுவாப் பாடுவோம். நான் பாடாம இருந்தாலே உங்களுக்குப் பாதி ஆசீர்வாதம்." எல்லோரும் சிரித்தார்கள். பயத்தோடு சிரிக்கிற சிரிப்பு ஒன்று உண்டல்லவா, அது.

அவர்கள் வந்தது ஜெப நேரத்தில். எல்லோரும் கண்ணை மூடியிருந்ததால், யார் முதலில் உள்ளே வந்தார்கள் என்று பிறகு போலீசார் கேட்டபோது ஒருவராலும் சொல்ல முடியவில்லை. தடி விழுகிற சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தார்கள். கடைக்காரர் பின்கதவுக்கு ஓடினார். தள்ளினால் அசையவில்லை. வெளியே இருந்து யாரோ பிடித்திருந்தார்கள். பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார். தண்ணிவண்டிக்காரன். ஒருநாள் விட்டு ஒருநாள் அதே கதவு வழியாக வந்து டிரம்மில் தண்ணீர் நிரப்பிவிட்டு, "அண்ணே, நிறைஞ்சிருச்சு" என்று குரல் கொடுத்துவிட்டுப் போகிறவன். பின்கதவு ஒன்று இருப்பதே அவனுக்குத்தான் தெரியும். "திறடா," என்றார் இவர். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்குள் இவர் காதோடு சேர்த்து ஓர் அடி விழுந்தது. அப்புறம் நடந்தது எதுவும் இவருக்குத் தெரியாது.

மனைவிக்கு மணிக்கட்டு உடைந்தது. கோணலாகவே கூடியது, பிறகு ஊசியை இழுத்து முடிச்சுப் போட அந்தக் கையில் வலு இல்லை. குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நடுவில் பின்கதவு திறந்துகொண்டது, பிள்ளைகள் ஓடிவிட்டார்கள் என்றார்கள். கர்த்தரே திறந்துவிட்டார் என்று சபை முழுக்கச் சாட்சி சொன்னது. அண்ணன்மேல் விழுந்தது இரும்புக் குழாய். மறுநாள் மாலை வரை ஆஸ்பத்திரியில் உயிர் இருந்தது.

தங்கையைப் பக்கத்தில் கூப்பிட்டார். "அவங்களுக்காக ஜெபம் பண்ணு," என்றார்.

"பண்றேண்ணா. பேசாதே."

"பேரைச் சொல்லிப் பண்ணு. பொதுவா சத்துருக்கள்னு சொன்னா யாருக்கும் போய்ச் சேராது. விலாசம் எழுதாத தபால் மாதிரி."

அவள் அப்படியே செய்தாள். தினமும் அடுப்பு மூட்டும் முன் முழங்கால் போட்டு, தெரிந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வாள். தண்ணிவண்டிக்காரன் பெயர் வரும் நேரத்தில் கடைக்காரருக்குக் கடைக் கதவைத் திறக்க வேண்டிய வேலை வந்துவிடும்.

சபை சிதறியது. சிலர் ஊரை விட்டே போனார்கள். மிச்சமிருந்தவர்கள் பேக்கரிக்காரரின் மாவு அறையில், அடுப்பு ஆறிய பிற்பகலில், மூட்டைகளுக்கு நடுவே கூடினார்கள். பாட்டுக்கு உதடு மட்டும் அசையும். வெளியே வரும்போது தலைமுடியில் மாவு ஒட்டியிருக்கும். தெருமுனையில் நின்று ஒருவரையொருவர் தட்டிவிட்டுப் பிரிவார்கள்.

அப்படி ஒரு நாளில்தான் செய்தி வந்தது. சரிவில் நிறுத்தியிருந்த தண்ணிவண்டி பின்னால் உருண்டு, சக்கரத்துக்குக் கல் வைக்கக் குனிந்தவனைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

"வினை விதைச்சவன் வினை அறுப்பான்," என்றார் பேக்கரிக்காரர். "கர்த்தர் சும்மா இருக்கலே பார்த்தீங்களா அக்கா."

"அது ஊர்ப் பேச்சு. நம்ம பேச்சு இல்லே," என்றாள் அவள்.

"சந்தோஷப்பட்டுச் சொல்லலே."

"கொஞ்சம் சந்தோஷம் இருக்கு. எனக்கும் வந்துச்சு. வந்ததும் வெட்கமாப் போச்சு. நீங்களும் வெட்கப்பட்டுருங்க, சரியாப் போயிரும்."

கடைக்காரர் மாவு மூட்டையில் சாய்ந்து, அடிபடாத காதை அந்தப் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். வெட்கம் எதுவும் அவருக்கு வரவில்லை.

மெத்தை கேட்டுப் போன அடுத்த வாரம் அந்த அம்மா சொன்னபடி வந்தாள். தூறல் நிற்கவில்லை என்று அனுப்பிவைத்தார். அதற்கடுத்து வந்தபோது வெயில் பளிச்சென்று அடித்தது. உறைத்துணி வரவில்லை என்றார். அவள் தலைக்குமேல் இருந்த அலமாரியில் கோடு போட்ட உறைத்துணி கட்டுக்கட்டாக இருந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள். வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"திருப்பிப் படுக்க வைக்க என்னால முடியலே தம்பி," என்றாள் தெருவைப் பார்த்தபடி. "ஆள் கனமா இருக்கான். கூட்டாளிங்க முதல்ல வந்தாங்க. நாத்தம் அடிக்க ஆரம்பிச்சதும் வாசலோட நின்னு விசாரிச்சுட்டுப் போயிடறாங்க. கோணிச் சாக்கை மடிச்சுப் போட்டிருக்கேன். பிள்ளை பெத்தவ எத்தனையைத்தான் தாங்கறது."

மனைவி டம்ளரில் டீ கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, டம்ளரைத் தானே குழாயடியில் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் மனைவி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, துணி இல்லைன்னு சொன்னீங்களே."

"ஆமா."

"அந்தம்மா மேல பார்த்தாங்க."

"பார்க்கட்டும். முடியாதுன்னு முகத்துக்கு நேரா சொல்ல வாய் வரலே. தானா புரிஞ்சுக்கிட்டு நின்னுருவாங்கன்னு பார்த்தேன்."

"நான் தைச்சிருவேன். இந்தக் கை ஒத்துழைக்க மாட்டேங்குது. நீங்கதான் தைக்கணும்."

"ஜெபம் நீ பண்ணு. வேண்டாம்னு என்னைக்காவது சொன்னேனா? மெத்தை தைக்கச் சொல்லாதே."

"மெத்தை தைக்காம என்னன்னு ஜெபம் பண்ணறது? ஆண்டவரே அவனுக்கு இரங்கும்னு நான் சொல்லணும், எங்க வீட்டுக்காரரு மட்டும் இரங்க மாட்டாருன்னு அடுத்த வரியில சேர்த்துக்கணுமா?"

அவருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டார். "அவன் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்," என்றார். "இடுக்கு வழியா என் கண்ணைப் பார்த்தான். யாருன்னு தெரியாதவன் அடிச்சா அடி மட்டும்தான் வலிக்கும். இவன் நம்ம வீட்டுத் தண்ணியைக் குடிச்சவன்."

"நம்ம வீட்டுக்குத் தண்ணி கொடுத்தவன்."

"வார்த்தையைத் திருப்பாதே."

"திருப்பலே. எங்கண்ணனைத் தூக்கிக் கொடுத்தவ நான். எனக்கு மட்டும் நெஞ்சு என்ன கல்லா? பேரைச் சொல்லறப்ப நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது. பிச்சு எடுத்துத்தான் சொல்லறேன்."

அவர் எழுந்து பிரம்பை எடுத்தார். பஞ்சை அடிக்க ஆரம்பித்தார். அடிக்கிற சத்தத்தில் பேச முடியாது. அந்தத் தாக்குதலுக்குப் பிறகு பிரம்புச் சத்தம் அவளுக்கு ஆகாது. கொல்லைப் பக்கம் போய்விடுவாள். அது தெரிந்துதான் அடித்தார்.

அவள் அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் மிச்சப் பஞ்சில் சின்னச் சின்னத் தலையணைகள் தைத்தாள். இடது கையால் குத்தி, பல்லால் நூலை இழுத்து. ஒரு பிற்பகல் அவற்றை மூட்டையாகக் கட்டிக்கொண்டு தண்ணிவண்டிக்காரன் வீட்டுக்குப் போனாள். தெருவில் நின்ற ஆட்கள் பார்த்தார்கள். யாரும் தடுக்கவில்லை.

ஒரே அறை வீடு. ஜன்னல் திறந்திருந்தும் நாற்றம் போகவில்லை. எலும்பும் தோலுமாகக் கிடந்தான். அவளைப் பார்த்ததும் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டான்.

"அக்கா, நீங்க எதுக்கு இங்கே?"

"சும்மாதான். ஒருக்களிச்சுக்கோ."

அம்மாவும் அவளுமாக அவனைப் புரட்டி, இடுப்புக்குக் கீழே ஒன்று, முழங்காலுக்கு நடுவே ஒன்று, குதிகாலுக்கு ஒன்று என்று தலையணைகளைச் செருகினார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். அம்மா தண்ணீர் எடுக்க வெளியே போனதும் பேசினான்.

"போதகர் கதவுக்கிட்ட வந்தாரு அக்கா. எல்லாரும் திற, திறன்னு கத்தினாங்க. அவரு மட்டும் என் பேரைச் சொன்னாரு. தம்பி, பிள்ளைங்களை மட்டும் விட்டுரு, பெரியவங்க நாங்க இருக்கோம்னாரு. தண்ணி ஊத்த வர்றப்ப எப்பிடிப் பேசுவாரோ அப்பிடியே."

அவள் கை தலையணையில் அப்படியே நின்றது. "திறந்தியா?"

"திறந்தேன். என் கைக்குக் கீழே பூந்து ஓடுச்சுங்க. ஒண்ணு மட்டும் என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு விடலே. விரலைப் பிரிச்சு அனுப்பினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் சாத்திட்டேன்கா."

வெளியே குடம் நிறைகிற சத்தம் கேட்டது.

"எங்க ஆளுங்கெல்லாம் பார்த்துக்கிட்டு நின்னாங்க. தானும் தப்பிச்சு வெளியே வரணும்னு அவரு நினைக்கலே. வந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். உங்ககிட்டப் பொய் சொல்லக் கூடாது."

அவள் மூட்டைத் துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். மன்னித்தேன் என்று சொல்ல நினைத்துத்தான் வந்திருந்தாள். அந்த நேரத்தில் அது வாயில் வரவில்லை. "நாளைக்கும் புரட்டிப் படுக்க வைக்கணும். வர்றேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றியபடியே எல்லாவற்றையும் கணவரிடம் சொன்னாள். அவர் ரொட்டியைப் பிட்டுக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கர்த்தர் திறந்தாருன்னு இத்தனை நாள் சாட்சி சொன்னோமே," என்றார் கடைசியில்.

"அதுல என்ன பொய்? யார் கையால திறந்தாருன்னு தெரியாம இருந்தோம்."

"அப்ப சாத்தினது யாரு?"

தேநீர் ஆடை கட்டிப்போயிற்று.

மறுநாள் காலை அவள் எழுந்தபோது பரணிலிருந்து சாக்குகள் இறங்கியிருந்தன. முற்றத்து வெயிலில் துணி விரித்து அவர் பஞ்சைப் பரப்பிக்கொண்டிருந்தார். அடிக்க ஆரம்பிக்கும் முன் அவளைப் பார்த்து, "நீ கொல்லைப் பக்கம் போ," என்றார். அவள் போகவில்லை. முக்காட்டைக் காதுமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, தெறித்து ஓடுகிற பஞ்சைக் கூட்டி ஒதுக்கிக் கொடுத்தாள். தட்டத் தட்டப் பஞ்சு உயிர் வந்ததுபோல் எழும்பியது. கொட்டைத் தூசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். சாதாரணமாக இவ்வளவு பார்க்க மாட்டார். உறையில் ஒரு கை அதிகமாகவே நிரப்பினார். நீள ஊசியை மேலிருந்து குத்தி, அடியில் வாங்கி, இழுத்து முடிச்சுப் போட்டார். ஒரு வரிசை முடிந்ததும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். எங்காவது நெருடினால் பிரித்துவிடுவார்.

மதியம் ரொட்டிக் கூடையோடு அந்தப் பக்கம் வந்த பேக்கரிக்காரர் நின்றார். "யாருக்குண்ணே இவ்வளவு ஜோரா?"

"தண்ணிவண்டிக்காரனுக்கு."

பேக்கரிக்காரர் கொஞ்ச நேரம் தெருவையும் மெத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கூடையை இறக்கிவைத்துவிட்டு, ஓரம் தைக்க வசதியாக மூலையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே, "சபையில யார்கிட்டயும் சொல்லாதீங்க. நான் பிடிச்சேன்னு," என்றார்.

மெத்தை முடிய மறுநாள் முற்பகல் ஆகிவிட்டது. கடைக்காரர் அதைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். மனைவி விரிப்பை மடித்து எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். அந்தத் தெருவுக்குள் அவர் நுழைந்து வெகுகாலம் ஆகியிருந்தது. வீட்டு வாசலில் ஆண்கள் கூடியிருந்தார்கள். மெத்தை கண்ணை மறைத்ததால் அவருக்கு முதலில் கால்கள்தான் தெரிந்தன. பேச்சு நின்றது. தலையை நிமிர்த்திப் பார்த்தார். எதிரே நின்றவனைத் தெரிந்தது. மச்சான்மேல் குழாயை இறக்கியவன். கண்கள் சிவந்திருந்தன.

"விடியக்காலையில போயிட்டான்," என்றான் அவன்.

மெத்தையை இறக்கவும் தோன்றாமல் நின்றார். திரும்பிப் போய்விடலாமா என்று யோசிக்கும்போது உள்ளேயிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது. "யாரு, மெத்தைக்காரத் தம்பியா? உள்ளே கொண்டா."

குளிப்பாட்டி, வேட்டி போர்த்தி, பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். கட்டில் காலியாக இருந்தது. சின்னத் தலையணைகள் மூலையில் குவிந்து கிடந்தன.

"கட்டில்ல போடு தம்பி."

போட்டார். மனைவி விரிப்பை விரித்தாள்.

"அவனைத் தூக்கி இதுல படுக்க வைங்க. எடுத்துட்டுப் போற வரைக்கும் இருக்கட்டும்."

வாசலில் நின்றவர்கள் தயங்கினார்கள். கடைக்காரர் போய்க் கால்களைப் பிடித்தார். குழாய் பிடித்தவன் வந்து தோள்களுக்குக் கீழே கை கொடுத்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தூக்கினார்கள். குதிகால்களில் எலும்பு தெரிகிற புண். ஒன்றும் கனமில்லை. திருப்பிப் படுக்க வைக்க முடியவில்லை என்று அந்த அம்மா சொன்ன ஆளா இது என்றிருந்தது.

மெத்தை அமுங்கவில்லை. புது மெத்தை உடம்புச் சூட்டில்தான் படியும். புரண்டு படுக்கப் படுக்கத்தான் ஆளின் அச்சுக்கு இடம் கொடுக்கும். அவன் அதன் மேலேயே கிடந்தான், இறக்கிவைத்த பொருள்போல.

"அம்மா," என்றார் கடைக்காரர். "பஞ்சு காய்ஞ்சுதான் இருந்துச்சு. துணியும் இருந்துச்சு. நான்தான் தைக்கலே."

"தெரியும் தம்பி."

வாசலில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முதல் நாளே தெரியும். பஞ்சு தூசி உன் புருவத்துல பறந்து ஒட்டியிருந்துச்சு. ஈரப் பஞ்சு பறக்குமா? அவன்கிட்ட வந்து சொன்னேன், அவங்க தர மாட்டாங்கடா, சந்தையில ரெடிமேடா வச்சிருக்கான், அதை வாங்கியாரேன்னு. வேண்டாம்னுட்டான்." மகனின் நெற்றியில் ஈரம் காயாத முடியை ஒதுக்கினாள். "அவங்க தைச்சுக் கொடுத்தா படுத்துக்கறேன், இல்லாட்டி இப்பிடியே கிடந்துக்கறேன்னான். அதான் நான் திரும்பத் திரும்ப வந்தேன்."

மனைவி முழங்கால் போடக் குனிந்தவள், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அண்ணன் இறந்த நாளிலிருந்து ஒருநாளும் தவறாமல் சொல்லிவந்த பெயர், அந்த அறையில் அவளுக்கு வரவில்லை. கடைக்காரர் கட்டிலருகே உட்கார்ந்தார். மெத்தையின் ஓரத்தில், அவன் கை தொங்கிக் கிடந்த இடத்தில், உள்ளங்கையை வைத்து அழுத்தினார். எடுத்தால் மேலே எழும்பியது. மறுபடி அழுத்தினார். உடலைத் தூக்க ஆட்கள் வரும்வரை அழுத்திக்கொண்டே இருந்தார்.